அம்மாச்சிக்கு ஏன் புது ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



இன்னைக்கு எபிசோடை எங்க அம்மாச்சியோட நான் போட்ட ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

தாத்தா போன வருஷம் தவறிட்டாரு. அம்மாச்சிக்கு 78 வயசு. போடியில தனியா இருக்க வேண்டாம்னு அம்மா அவங்களைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்க அபார்ட்மென்ட்ல சாயங்காலம் ஆறு மணி ஆனா பெரியவங்க எல்லாரும் கீழ வந்து உக்காருவாங்க. யோகா உண்டு, பஜனை உண்டு, மாசம் ஒரு கோயில் டூர் உண்டு. நான் நல்ல பேத்தியாச்சே, அம்மாச்சியைக் கேக்காமலே பேர் கொடுத்துட்டேன். வாட்ஸ்அப் குரூப்லயும் சேர்த்துவிட்டேன்.

ரெண்டு நாள் போனாங்க. மூணாவது நாள் "வேணாம்த்தா"ன்னுட்டாங்க.

"ஏன் அம்மாச்சி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாரும் நல்லவங்கதான். ஆனா இனிமே புதுசா ஒருத்தர்கிட்ட என் கதைய மொதல்ல இருந்து யாரு சொல்றது? பேசுறதுக்கு எனக்கு என் தங்கச்சி இருக்கா."

அந்தத் தங்கச்சி, அதாவது எங்க சின்ன அம்மாச்சி, பெரியகுளத்துல இருக்காங்க. தினமும் ஆறு மணிக்கு ஃபோன். தினமும் அதே பேச்சு. யாரு கல்யாணத்துல யாரு என்ன சொன்னா, இரவல் வாங்கிட்டுப் போன அண்டாவை நாப்பது வருஷமா யாரு திருப்பித் தரல. எனக்குப் பயமாயிடுச்சு. 'தாத்தா போன துக்கத்துல இவங்க தன்னை ஒரு ரூமுக்குள்ள பூட்டிக்கிறாங்க'ன்னு நினைச்சேன். கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன். அவங்க ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

அந்த ரெண்டு நாள்ல நான் உக்காந்து படிச்சதுதான் இந்த எபிசோட். கேள்வி ஒண்ணுதான். வயசாக ஆக மனுஷங்களோட வட்டம் சின்னதாகுதே, அது அவங்களுக்கு நடக்குற இழப்பா, இல்ல அவங்களே எடுக்குற முடிவா?

ரெண்டு பழைய பதில்கள்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவுல ரொம்ப நாளா ரெண்டு பதில் இருந்துச்சு.

முதல் பதில் 1961-ல வந்தது. எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றின்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு புத்தகம் எழுதினாங்க. வயசானவங்க சமூகத்துல இருந்து மெதுவா விலகுறாங்க, சமூகமும் அவங்ககிட்ட இருந்து விலகுது, இது ரெண்டு பக்கமும் இயல்பா நடக்குற ஒண்ணுன்னு அவங்க சொன்னாங்க. ஒரு மாதிரி சாவுக்கு முன்னாடி நடக்குற ஒத்திகை.

ரெண்டாவது பதில் இதுக்கு நேர் எதிர். விலகுறது நல்லதில்ல, சுறுசுறுப்பா இருக்கணும், நாலு பேரோட பழகணும், அப்பதான் முதுமை நல்லா இருக்கும். நான் அம்மாச்சிக்குச் சொன்னது இதைத்தான்.

ரெண்டும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகுது, கவனிச்சீங்களா? வட்டம் சின்னதாகுதுன்னா ஏதோ குறையுதுன்னு ரெண்டு பேருமே எடுத்துக்கிட்டாங்க. அந்த எண்ணத்தையே மாத்திப் பார்த்தவங்க லாரா கார்ஸ்டென்சன்.

ஆஸ்பத்திரி வார்டுல ஒரு 21 வயசுப் பொண்ணு

கார்ஸ்டென்சன் இப்போ ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியர். நீண்ட ஆயுளைப் பத்தி ஆராய்றதுக்காக 2007-ல அங்க ஒரு மையத்தையே தொடங்கினாங்க. ஆனா அவங்க கதை தொடங்குறது ஒரு விபத்துல.

அவங்களுக்கு 21 வயசு. இசைக் கச்சேரி ஒண்ணு பார்த்துட்டு ராத்திரி திரும்பும்போது வண்டி உருண்டுடுச்சு. பல எலும்புகள் முறிஞ்சுபோய், மாசக்கணக்குல ஆஸ்பத்திரில படுத்தே கிடந்தாங்க. எலும்பு முறிவு வார்டு. அக்கம்பக்கத்து கட்டில்ல இருந்தவங்க பெரும்பாலும் இடுப்பு எலும்பு உடைஞ்ச வயசான பெண்கள்.

ஒரே வார்டு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி காயம். ஆனா இளம்பெண்ணான தன்னை நடத்துற விதம் வேற, பக்கத்துல இருக்குற பாட்டிகளை நடத்துற விதம் வேறன்னு அவங்க படுத்தபடியே பார்த்தாங்க. முதுமைங்கிறது உடம்போட விஷயம் மட்டும் இல்ல, சுத்தி இருக்கவங்க நம்மள எப்படி நடத்துறாங்கங்கிறதும் அதுல ஒரு பாதின்னு அங்கதான் தோணியிருக்கு.

அவங்க அப்பா ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். பொண்ணு சும்மா படுத்துக் கிடக்குறதைப் பார்த்து, "ஏதாவது ஒரு பாடம் எடு, நான் க்ளாஸ்ல போய் உக்காந்து டேப்புல பதிவு பண்ணிட்டு வர்றேன்"ங்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னாரு. அப்படி அவங்க எடுத்த பாடம் உளவியல்.

இன்னொண்ணும் நடந்துச்சு. சாவைக் கிட்டத்துல பார்த்த அந்த நாட்கள்ல, நான் வாழ்க்கையில என்ன சாதிக்கப் போறேங்கிற கேள்வியே முக்கியமா தெரியல, என் கூட இருக்கிற மனுஷங்கதான் முக்கியமா தெரிஞ்சாங்கன்னு பின்னாடி அவங்க சொல்லியிருக்காங்க. 21 வயசுல, ஒரு 80 வயசுக்காரங்க மாதிரியான நினைப்பு. இதை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

அரை மணி நேரம் ஃப்ரீ. யாரைப் பார்ப்பீங்க?

கார்ஸ்டென்சனும் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் 1990-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல வந்த கேள்வி ரொம்ப சிம்பிள். நீங்களும் பதில் சொல்லிப் பாருங்க.

உங்களுக்கு அரை மணி நேரம் கிடைச்சிருக்கு. அவசர வேலை எதுவும் இல்ல. மூணு பேர்ல ஒருத்தரோட அந்த நேரத்தைச் செலவழிக்கலாம். ஒருத்தர், உங்க குடும்பத்துல நெருக்கமான ஒருவர். ரெண்டாவது, சமீபத்துல அறிமுகமான, உங்களோட நல்லா ஒத்துப்போகும்னு தோணுற ஒருத்தர். மூணாவது, நீங்க இப்பதான் படிச்சு முடிச்ச புத்தகத்தோட எழுத்தாளர்.

வயசானவங்க பெரும்பாலும் குடும்பத்து ஆளையே தேர்ந்தெடுத்தாங்க. இளைஞர்கள்கிட்ட அப்படி ஒரு சாய்வு இல்ல, மூணு பக்கமும் பிரிஞ்சாங்க.

'வயசானா அப்படித்தான், புதுசு பிடிக்காது'ன்னு இதோட முடிச்சிருக்கலாம். அவங்க முடிக்கல. கேள்வியில ஒரே ஒரு வரியைச் சேர்த்தாங்க. "நீங்க சீக்கிரமே நாட்டோட இன்னொரு கோடிக்குத் தனியாக் குடிபோகப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. இப்போ யாரைப் பார்ப்பீங்க?"

உடனே இளைஞர்களும் குடும்பத்து ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. பாட்டிகளுக்கும் பேரன்களுக்கும் வித்தியாசமே இல்லாமப் போச்சு.

அப்புறம் ஹெலீன் ஃபங்ங்கிற ஆய்வாளரோட சேர்ந்து, இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாங்க. "உங்க டாக்டர் ஃபோன் பண்றாரு. புதுசா ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு வந்திருக்கு, நீங்க எதிர்பார்த்ததைவிட 20 வருஷம் கூடுதலா வாழப்போறீங்கன்னு சொல்றாரு. இப்போ யாரைப் பார்ப்பீங்க?" இந்தத் தடவை வயசானவங்ககிட்ட இருந்த அந்தக் குடும்பச் சாய்வு காணாமப் போயிடுச்சு.

அப்போ காரணம் வயசு இல்ல. 'எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கு'ங்கிற உணர்வு.

நிஜ வாழ்க்கையில இது நடக்குமா?

'இதெல்லாம் கற்பனை பண்ணச் சொல்லிக் கேட்ட கேள்விதானே'ன்னு நீங்க நினைக்கலாம். நானும் நினைச்சேன். ஆனா நிஜமாவே ரெண்டு இடத்துல இது நடந்துச்சு.

முதல் இடம் ஹாங்காங். 1997 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாகிட்ட ஒப்படைச்சது. அந்த நகரத்து மக்களுக்கு அது, தாங்க அறிஞ்ச ஹாங்காங் முடியப்போற நாள் மாதிரி இருந்துச்சு. ஒப்படைப்புக்கு ஒரு வருஷம் முன்னாடி கேட்டப்போ, அமெரிக்காவுல பார்த்த அதே வித்தியாசம். பெரியவங்களுக்கு நெருங்கினவங்க போதும், இளைஞர்கள் அப்படி இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி கேட்டப்போ, இளைஞர்களும் நெருங்கினவங்களையே தேர்ந்தெடுத்தாங்க. ஒப்படைப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு, எல்லாம் சகஜமான பிறகு கேட்டப்போ, பழைய வித்தியாசம் திரும்ப வந்துடுச்சு. வயசு மாறல. கடிகாரம் மாறுன மாதிரி தோணுச்சு, அவ்வளவுதான்.

ரெண்டாவது இடம் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி. எச்.ஐ.வி.-க்கு இப்போ இருக்குற நல்ல கூட்டுமருந்துகள் வர்றதுக்கு முந்தைய காலம். அங்க இருந்த தன்பாலீர்ப்பு ஆண்களை மூணு குழுவா வச்சுப் பார்த்தாங்க. தொற்று இல்லாதவங்க, தொற்று இருந்தும் அறிகுறி இல்லாதவங்க, அறிகுறிகள் வந்துட்டவங்க. மூணு குழுவும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனா அறிகுறி வந்தவங்க மனுஷங்களைப் பத்தி யோசிச்ச விதம், ரொம்ப வயசான ஆட்கள் யோசிக்கிற விதத்தோட ஒத்துப்போச்சு. இவர்கிட்ட இருந்து நான் என்ன கத்துக்கலாம், இவரால எனக்கு என்ன வழி திறக்கும்ங்கிற கணக்கு பின்னாடி போயிடுச்சு. இவரோட இருந்தா என் மனசுக்கு எப்படி இருக்குங்கிறது முன்னாடி வந்துடுச்சு.

அந்த எலும்பு முறிவு வார்டுல 21 வயசு கார்ஸ்டென்சனுக்கு நடந்ததும் இதேதான்.

இந்தக் கொள்கையைத் தமிழ்ல இப்படிச் சொல்லலாம். நேரம் நிறைய இருக்குன்னு தோணும்போது நாம சேர்க்குறோம். புது ஆட்கள், புது ஊர், புது வேலை, பிடிக்காட்டியும் 'எதுக்காவது உதவும்'னு போற மீட்டப். நேரம் கொஞ்சம்தான்னு தோணும்போது நாம பொறுக்குறோம். அரிசியில கல் பொறுக்குற மாதிரி. தட்டு சின்னதாகும், மிச்சம் இருக்கிறது எல்லாம் அரிசி.

தட்டுல மிச்சம் என்ன இருக்கு?

இது வெறும் உவமை இல்ல, பெர்லின்ல எண்ணியே பார்த்திருக்காங்க. 70 வயசுல இருந்து 104 வயசு வரைக்கும் 156 பேர். ஃப்ரீடர் லாங் அப்படிங்கிற ஆய்வாளரும் கார்ஸ்டென்சனும் சேர்ந்து 1994-ல வெளியிட்டது. அதுல ரொம்ப மூத்தவங்களோட வட்டம், அவங்களைவிட இளைய முதியவங்களோட வட்டத்துல கிட்டத்தட்ட பாதிதான் இருந்துச்சு. ஆனா 'இவங்க இல்லாம என்னால முடியாது'ங்கிற அளவுக்கு நெருக்கமானவங்களோட எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல. உதிர்ந்தது வெளிவட்டம். உள்வட்டம் அப்படியே இருந்துச்சு.

சரி, அதனால அவங்க சந்தோஷமா இருக்காங்களா? அதையும் பார்த்தாங்க. 18 வயசுல இருந்து 94 வயசு வரைக்கும் 184 பேர் கையில ஒரு பேஜர் கொடுத்தாங்க. ஒரு வாரம், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, எப்போன்னு தெரியாம அது அடிக்கும். அடிச்ச உடனே, அந்த நிமிஷம் மனசு எப்படி இருக்குன்னு எழுதணும். கோபம், சோகம் மாதிரி உணர்வுகள் வர்ற தடவைகள் வயசாக ஆகக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சுமார் 60 வயசுக்கு அப்புறம் அது ஒரு நிலையில நின்னுடுச்சு. சந்தோஷம் வர்ற தடவைகள் குறையல. பத்து வருஷத்துக்கும் மேல அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து 2011-ல வெளியிட்ட முடிவும் இதே திசையிலதான் இருந்துச்சு.

கொரோனா நேரத்துலயும் பார்த்தாங்க. 2020 ஏப்ரல். வயசானவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்னு ஊரே சொல்லிட்டிருந்த நேரம். அமெரிக்காவுல 18-ல இருந்து 76 வயசு வரைக்கும் 945 பேர்கிட்ட கேட்டாங்க. அப்பவும் மனநிலை நல்லா இருந்தது மூத்தவங்களுக்குத்தான். வீட்டுக்குள்ள அடைஞ்சு தவிச்சது நம்மள மாதிரி ஆட்கள். இது எனக்கு ஆச்சரியமாவே இல்லை. லாக்டவுன்ல எங்க ஃப்ளாட்ல சுவர்ல முட்டிக்கிட்டது யாருன்னு எனக்குத் தெரியும்.

கொஞ்சம் பொறுங்க, எல்லாம் இவ்வளவு அழகா இல்ல

இதை வச்சு 'வயசானவங்க எல்லாரும் ஹேப்பி, விட்டுடலாம்'னு யாராவது ரீல்ஸ் போட்டா நம்பாதீங்க. மூணு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு. கார்ஸ்டென்சனோட மாணவியா இருந்த சூசன் சார்ல்ஸ் ஒரு எச்சரிக்கை சொல்றாங்க. முதியவங்களோட பலமே, பிரச்சினையை முன்கூட்டிப் பார்த்து ஒதுங்கிக்கிறதுதான். ஒதுங்க முடியாத பிரச்சினை வந்தா, உதாரணத்துக்குத் தீராத நோய், படுக்கையில கிடக்குற துணையை வருஷக்கணக்கா பார்த்துக்கிறது, அப்போ அந்தப் பலம் கைகொடுக்காது. வயசான உடம்பு பதற்றத்துல இருந்து இறங்கி வரவும் அதிக நேரம் எடுக்கும்.

ரெண்டு. பொறுக்கி எடுத்து வச்சது ரெண்டு பேர்னா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் போறது பாதி உலகம் போறது. தனிமை இல்லன்னு இந்த ஆய்வுகள் சொல்லல. தனிமை எங்க இருந்து வரும்னு சொல்லுது. ஆட்கள் குறைவா இருக்கிறதால மட்டும் அது வர்றதில்ல, நமக்குன்னு இருக்குற ஆள் கைக்கு எட்டாமப் போகும்போது வருது.

மூணு. பொறுக்குறது வேற, மனச்சோர்வு வேற. எப்படிப் பிரிச்சுப் பார்க்குறது? நெருங்கினவங்களோட பேசும்போது முகம் மலருதான்னு பாருங்க. மலர்ந்தா, அது தேர்வு. அந்த ஃபோனையும் எடுக்கல, பிடிச்ச சாப்பாடு வேண்டாம், தூக்கம் சரியில்ல, 'நான் எதுக்கு இருக்கேன்'ங்கிற மாதிரி பேச்சு வாரக்கணக்கா போகுதுன்னா, அது வயசுன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

நமக்கு என்ன இதுல?

காலேஜ் கடைசி செமஸ்டரை யோசிச்சுப் பாருங்க. அந்தக் கடைசி மாசத்துல யாரு புது ஃப்ரெண்ட் தேடினா? அதே நாலு பேரு, அதே டீக்கடை, ஏற்கனவே நூறு தடவை சொன்ன அதே ஜோக். அப்போ நாம எல்லாருமே அம்மாச்சிதான். பட்டமளிப்பு நாள்ல மாணவர்களை வச்சு ஒரு ஆய்வும் நடந்திருக்கு. 'இது கடைசி நாள்'னு நினைச்சுப் பார்க்கச் சொன்னா, சந்தோஷமும் துக்கமும் ஒண்ணா சேர்ந்து வர்றது அதிகமாச்சு. அந்தக் கலவையைத்தான் வயசானவங்க சாதாரண நாட்கள்லயே உணர்றாங்க. நம்ம பாட்டிங்க ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல கண் கலங்குறதுக்கு அர்த்தம் இதுவா இருக்கலாம்.

அதே மாதிரி, இருபதுகள்ல நீங்க நிறைய பேரைத் தேடிப் போறதும் தப்பில்ல. நேரம் நீளமா தெரியுற வயசுல சேர்க்குறதுதான் வேலை. சேர்த்தாதான் பின்னாடி பொறுக்க முடியும். சின்ன அம்மாச்சி கூடப் பிறந்தவங்க, சரி. ஆனா போடியில அம்மாச்சிக்கு உயிரா இருக்குற பக்கத்து வீட்டு அம்மா, ஒரு காலத்துல யாருன்னே தெரியாத புது ஆள்தானே?

சிக்கல் எப்போ வருதுன்னா, ஒரு வயசோட கணக்கை இன்னொரு வயசு மேல போடும்போது. நான் அதைத்தான் பண்ணேன். என் வயசுக்கு மருந்து 'வெளிய போ, நாலு பேரைப் பாரு'. அதை 78 வயசுக்காரங்களுக்குக் கொடுத்துட்டு, குடிக்கலன்னு கோபமும் பட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மாச்சிகிட்ட போய் உக்காந்தேன். "கீழ போக வேண்டாம். யாரைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, ரெண்டு பேர் சொன்னாங்க. தங்கச்சி, போடி பக்கத்து வீட்டு அம்மா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அவளுக்கு இப்பல்லாம் காது சரியா கேக்க மாட்டேங்குது. நான் சொல்றதுல பாதி அவளுக்குப் புரியல. அவ புரிஞ்ச மாதிரி 'ம்' கொட்டுறா"ன்னாங்க.

நான் யோகா க்ளாஸுக்குப் பேர் கொடுத்துட்டு இருந்தேன். அவங்க உலகத்துல நிஜமா உடைஞ்சுட்டு இருந்தது அந்த ஒரு ஃபோன் லைன். தினமும் பக்கத்து ரூம்ல இருந்தும் எனக்கு அது தெரியல.

போன மாசம் பெரியகுளம் போனோம். சின்ன அம்மாச்சியைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். இப்போ ஆறு மணி ஃபோன்ல சத்தம் குறைஞ்சிருக்கு. அண்டா சண்டை மட்டும் இன்னும் முடியல.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா, இந்த வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. "யாரைப் பார்க்கணும்?" என்ன பேர் சொன்னாங்க, அவங்களைப் பார்க்க என்ன தடையா இருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க, இல்ல வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.